கல்லா எழுதாத பெட்டி

கோரிப்பாளையம்
டிசம்பர் 10

முபீனா அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது டேப்பின் முனை.

மலைச்சாமி அண்ணன் வண்டியிலிருந்து பேரையூர்ப் பெட்டியை இறக்கி என் மேசையோரம் வைத்தார். ரிப்பேருக்கு வந்த செட்டாப் பாக்ஸ்கள். பிரிப்பதற்காகக் கத்தரிக்கோல் எடுத்தேன். தேவைப்படவில்லை. டேப்பின் முனையை யாரோ சின்னதாக உள்பக்கம் மடித்துவிட்டிருந்தார்கள். பிடித்து இழுத்ததும் மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

நீ அப்படி ஒட்ட மாட்டாய். பல்லால் கடித்து அறுப்பாய். முனை எங்கே என்று நான்தான் நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேடுவேன். நீ சிரிப்பாய்.

பெட்டிக்குள் உன் சீட்டு இருந்தது. "ஃபோன்ல பிளாக் பண்ணிட்டா விட்டுருவேனா? ரிப்பேர் பெட்டியில போட்டு அனுப்பு, பதில் வரணும்" என்று எழுதியிருந்தாய். பதில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். உனக்கே தெரியும், ஃபோனில் பேசினால் எனக்கு வாயில் பாதி வார்த்தைதான் வரும். எழுதினால் முழுசாக வருகிறது. அதனால் எழுதுகிறேன். கோபம் போனதாக நினைக்காதே.

நீ பேரையூர் ஆபீஸுக்குப் போகப்போவது முதலாளி ரசாக் பாய் நம் கேபிள் கண்ட்ரோல் ரூமில் எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டீ கொண்டுவந்தவர்கூட "அப்ப முபீனா பாப்பாவுக்கு டீ குறைச்சுக்கிறவா?" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். என் பெரியத்தா மகள் நீ. பக்கத்து நாற்காலி. ஒரே டிபன் பாக்ஸ். ஒன்பதாம் வகுப்போடு நின்ற என்னை "சும்மா வந்து மெஷின்ல எரியிற லைட்டைப் பாரு, அது போதும்" என்று கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டி வந்தவளே நீதான்.

இப்போது உன் நாற்காலியில் பழைய வயர்ச் சுருளை வைத்திருக்கிறார்கள்.

டேப்பை மடித்தது யார்?

ஃபர்ஹா

*

பேரையூர்
டிசம்பர் 16

அடியே ஃபர்ஹா,

சலாம். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் டேப் அரைப் பக்கம்!

மடித்தது தீப்தி. இங்கே ஆபீஸில் நானும் அவளும்தான். டிப்ளமோ முடித்தவள். ஸ்கூட்டி வைத்திருக்கிறாள். பெட்டி ஒட்டினால் முனையை மடிப்பாள், ஏன் என்று கேட்டால் "அங்க பிரிக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லக்கா" என்பாள். நான் இத்தனை வருடத்தில் அப்படி யோசித்ததே இல்லை. உன்னைப் பற்றி அவளுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன்.

சின்னம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். ஊர் காய்ந்த ஊர், ஆனால் வானம் பெரிசு. காலையில் ஆபீஸைத் திறப்பது நான். சாவி என் துப்பட்டா முனையில் கிடக்கிறது. இதுவரை நம் வீட்டு அலமாரிச் சாவிகூட என்னிடம் யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் இங்கே பெரிய தலைவலி. டிவியில் படம் நின்று நின்று போகிறது. நேற்று ஒரு அம்மா செட்டாப் பாக்ஸையே பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். "ஏத்தா, சீரியல்ல மாமியாக்காரி கைய ஓங்குறா, அப்புடியே நிக்கிறா. அடிச்சாளா இல்லையான்னு நான் எம்புட்டு நேரந்தான் பாத்துக்கிட்டு இருக்குறது?" என்று கேட்டார். தீப்தி சிரித்தேவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மா பாக்ஸை மேசையில் வைத்துவிட்டே போய்விட்டார்.

லைன் பார்க்கிற அஸ்வத் அண்ணன் வந்து டவரில் ஆளை ஏற்றி டிஷ் தட்டைத் திருப்பிப் பார்த்தார். மதுரையிலிருந்து டவர் டவராகத் தாவி வரும் லைன் அல்லவா, காற்றில் தட்டு ஆடுகிறதோ என்று சந்தேகம். திருப்பியும் அப்படியேதான்.

ரசாக் பாய் நேற்று ஃபோனில் சொன்னார்: "பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்ட நம்ம சேனல்ல நேரடியாப் போடுறோம். அன்னைக்கும் மாடு வாசல்லயே நின்னுச்சுன்னா, பேரையூருக்குப் பூட்டுத்தாம்மா. நான் இம்புட்டு வீட்டுக்காரன்கிட்ட ஏச்சு வாங்க முடியாது." அத்தாவும் சொல்லிவிட்டார், ஆபீஸ் மூடினால் வேலை போதும், வீட்டோடு இரு என்று.

நீ அங்கே லைட்டுகளைப் பார்த்துக்கொண்டேதானே இருக்கிறாய். ஏதாவது தெரிந்தால் சொல்லு. பிளாக்கையும் எடு.

முபீனா

*

கோரிப்பாளையம்
டிசம்பர் 22

முபீனா அக்காவுக்கு,

என்னைப் பற்றி அவளிடம் என்ன சொன்னாய்? பேச வராது, படிக்கவில்லை, பாவம் என்றா? இனிமேல் சொல்லாதே. உன் கடிதத்தில் அவள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒருமுறை படித்துப் பார். என் பெயர் மேலே ஒரு இடத்தில், அதுவும் "அடியே"க்குப் பிறகு.

ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து எங்கெல்லாம் போகிறாய்? மலைச்சாமி அண்ணன் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "உங்கக்கா அங்க ஜாலியா இருக்குத்தா. அந்தப் புள்ளையும் அதும் ஒரே தட்டுல மொச்சை தின்னுக்கிட்டு இருக்குக, எனக்கும் ஒரு கை குடுத்துச்சுக" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார். அன்று மதியம் டிபனைத் திறந்தேன். நீ வைத்துவிட்டுப் போன இரண்டாவது ஸ்பூன் இன்னும் என் டிபன் பையில்தான் கிடக்கிறது. எடுத்து வெளியே வைத்தேன். பிறகு உள்ளேயே போட்டுவிட்டேன்.

நீயும் உன் பேரையூர் டிவியும் ஒன்று. மூன்று நிமிடம் ஒழுங்காக ஓடும், அப்புறம் அப்படியே நிற்கும். உனக்கும் அப்படித்தான் என் ஞாபகம் வருகிறது.

எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் டிப்ளமோதானே? அவளையே கேள்.

பிளாக் எடுக்கவில்லை.

ஃபர்ஹா

*

பேரையூர்
டிசம்பர் 30

ஃபர்ஹா,

இந்தமுறை "அடியே" இல்லை. கவனித்துக்கொள்.

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், மொச்சை வரைக்கும். அதற்கு அடுத்த பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூன்று நிமிடம் ஒழுங்காக ஓடும்" என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு "நின்று நின்று போகிறது" என்று மட்டும்தான் எழுதினேன். இங்கே யாருக்கும் மூன்று நிமிடக் கணக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் "அப்பப்ப நிக்கிது" என்பார்கள். அஸ்வத் அண்ணன் காற்றடித்தால் நிற்கிறது என்கிறார். உன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் போட்டு, செல்லில் கடிகாரத்தை ஓடவிட்டு உட்கார்ந்தேன். சரியாக மூன்று நிமிடம். நின்றது. தெளிந்தது. மறுபடி மூன்று நிமிடம். நின்றது.

இங்கே இருக்கிற எனக்குத் தெரியாதது அங்கே இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, உனக்கு வேறேதோவும் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறாய்.

ஏன் என்று கேட்க மாட்டேன், எனக்குப் புரிகிறது. ஆபீஸ் மூடினால் நான் வந்துவிடுவேன். அவ்வளவுதானே? ஒன்று சொல்கிறேன் கேள். நான் உன் பக்கத்து நாற்காலிக்கு வரமாட்டேன். வீட்டுக்குள் வருவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நீ வேலைக்குப் போவதைப் பார்ப்பேன்.

நீ என்மேல் கோபப்படுகிறாய். நான் சொல்லாமல் போனேன், தப்புத்தான். ஆனால் பாய் சொன்ன பிறகு ஒரு வாரம் நான் அங்கேதானே இருந்தேன்? தினமும் உன் பக்கத்தில்தானே உட்கார்ந்தேன்? "போகாதக்கா" என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? டிபன் பாக்ஸை மூடினாய். தலையை ஆட்டினாய். லைட்டைப் பார்த்தாய். உனக்கு என்ன வேண்டும் என்று எல்லாரும் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். தீப்தியிடம் எனக்குப் பிடித்தது அதுதான், எழுதிவைத்துக்கொள்: அவள் கேட்பாள். "அக்கா, மொச்சை குடு" என்பாள். கொடுப்பேன். முடிந்தது.

முபீனா

*

கோரிப்பாளையம்
ஜனவரி 5

அக்கா,

எனக்குத் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும்.

ஐப்பசி மழையில் இடி விழுந்து இங்கே பெரிய ரவுட்டர் பெட்டி எரிந்தது ஞாபகம் இருக்கிறதா? எல்லா ஊருக்கும் எல்லாச் சேனலையும் பிரித்து அனுப்பும் பெட்டி. புதுப்பெட்டி வந்தபோது அஸ்வத் அண்ணன் நம் மேசையில் வைத்துத்தான் செட்டிங் போட்டார். நீ வாசலில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தாய். நான் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே அடித்தார்.

"இதுல ரெண்டு மோடு இருக்கும்மா ஃபர்ஹா. டென்ஸ் மோடுன்னா கல்யாணப் பந்தி. எல்லா இலையிலயும் எல்லாத்தையும் வச்சுக்கிட்டே போவான். வேணாங்கிறவன் கைய மறிக்கணும். மறிச்சாலும் அடுத்த சுத்துல மறந்துட்டு மறுபடி வைக்க வருவான்ல? இதுக்கு மூணு நிமிசத்துக்கு ஒரு சுத்து. ஸ்பார்ஸ் மோடுன்னா புரோட்டாக் கடை. கேட்டவன் இலையில மட்டுந்தான் விழும். ஆனா கடைன்னா கல்லா எங்க இருக்குன்னு தெரியணும், அங்கதான போயிக் கேக்கணும்? அந்தக் கல்லா அட்ரஸை ஒரு வரி எழுதணும். நான் ரெண்டும் கலந்த மோடு போட்டுர்றேன். கல்லா தெரிஞ்சா கடை, தெரியாட்டிப் பந்தி."

அதற்குள் கீழே யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனார். திரும்பி வந்து பெட்டியை மாட்டிவிட்டார். கல்லா வரியை எழுதவில்லை. எனக்கு அது அப்போது தெரியாது. இங்கே கோரிப்பாளையத்தில் லைன் எல்லாம் பெரிய ஃபைபர், பந்தி போட்டாலும் தாங்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு யார் எடுத்துப் பார்த்தாலும் கலந்த மோடு என்றுதான் காட்டும். சரியாகத்தானே இருக்கிறது என்று மூடிவிடுவார்கள்.

நீ போன பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் அந்த ரவுட்டரில் பேரையூர் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஊர் லைட் என்பதால்தான். அது அமைதியாகச் சிமிட்டும். திடீரென்று பைத்தியம் பிடித்த மாதிரி மொத்தமாக எரியும். பிறகு அடங்கும். மறுபடி எரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் பந்தி ஞாபகம் வந்தது. உங்கள் ஊரில் யாருமே பார்க்காத சேனல் எல்லாம் சேர்த்து அந்த ஒல்லி டவர் லைனில் கொட்டுகிறது. நடுவில் உன் மாமியாக்காரி கை ஓங்கியபடி மாட்டிக்கொள்கிறாள்.

சொல்லாமல் இருந்தேன். மூடினால் நீ வருவாய் என்று நினைத்தேன். உன் அத்தா வீட்டோடு வைத்துக்கொண்டாலும் பக்கத்துத் தெருதானே, போய்ப் பார்க்கலாமே என்றுகூட நினைத்தேன். கெட்ட நினைப்பு என்று நினைக்கும்போதே தெரிந்தது. ஆனாலும் நினைத்தேன். நீ அவள் ஸ்கூட்டியில் போவதைவிட ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது.

இப்போது உனக்கும் தெரியும். அஸ்வத் அண்ணனிடம் சொல்வதென்றால் நீயே சொல்லிக்கொள். என்னால் அவரிடம் ஃபோன் போட்டுப் பேச முடியாது.

ஃபர்ஹா

*

பேரையூர்
ஜனவரி 9

ஃபர்ஹா,

நான் சொல்ல மாட்டேன்.

தீப்தியிடமும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றே அஸ்வத் அண்ணனுக்கு ஃபோனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் சொன்னால் டிவி சரியாகிவிடும். நீ சரியாக மாட்டாய்.

பொங்கலன்று ஆபீஸ் வாசலில் பெரிய டிவி வைக்கிறோம். ஊரே வந்து உட்காரும். நானும் உட்காருவேன். மாடு நின்றால் நிற்கட்டும். அன்றைக்கே பூட்டிச் சாவியை மலைச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். உனக்காகத்தான் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

முபீனா

*

கோரிப்பாளையம்
பொங்கல், மதியம்

அக்கா,

காலையில் கண்ட்ரோல் ரூமுக்கு வரும்போதே ரசாக் பாய் வந்திருந்தார். பெரிய திரையில் வாடிவாசல். அஸ்வத் அண்ணன் அவனியாபுரத்தில் கேமராக்காரர்களோடு நின்றார். இங்கே படம் பளிங்கு மாதிரி. முதல் மாடு பாய்ந்ததும் பாய் கையைத் தட்டினார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. பேரையூர் லைட்டைப் பார்த்தேன். சிமிட்டியது. சிமிட்டியது. பிறகு மொத்தமாக எரிந்தது.

நீ வாசலில் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். சாவி துப்பட்டா முனையில் இருக்கும். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்ததும் ஃபோனுக்கு நீட்டிய கை பின்னால் போனது, உண்மையைச் சொல்கிறேன். பாயின் ஃபோன் அடித்தது. எதிரில் யார் என்று தெரியவில்லை, பாய் "ஆமாப்பா... தெரியும்ப்பா... இன்னையோட சரி" என்றார். அவருக்கே முகம் சுருங்கிவிட்டது.

நான் மேசை ஃபோனை எடுத்தேன். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபோன் எடுத்து அவர் பார்த்ததே இல்லை.

அஸ்வத் அண்ணன் எடுத்ததும் பின்னால் ஒரே இரைச்சல். "யாரு? ஃபர்ஹாவா? மாடு வருதும்மா, சொல்லு சொல்லு!" என்றார். "அண்ணே, பேரையூரு... பந்தி... கல்லா வரி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு, "ஆத்தாடி! எழுதலையா நானு?" என்றார். "தட்டு தட்டுன்னு அந்தத் தட்டப் போயித் திருப்பிக்கிட்டு இருந்தேனே! ஏம்மா, இத நீ எப்ப பாத்த?" நான் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தேன். அவரும் விட்டுவிட்டார். பாஸ்வேர்டைச் சொன்னார், வரியைச் சொன்னார், "நம்ம பெட்டியில நீ அடி. அதே வரி பேரையூர் ரவுட்டர் பெட்டியிலயும் வேணும். அங்க போக வழி என் லேப்டாப்புலதான் இருக்கு, அது வண்டியில கெடக்கு. நீ முபீனாவுக்குப் போட்டுச் சொல்லிரு. டக்குனு சொல்லு, இல்லாட்டி அங்க சுத்தமா இருட்டிரும்" என்றார்.

அடித்தேன். எண்டர் தட்டினேன். பேரையூர் லைட் அடங்கியது. அடங்கி, அநேகமாக அணைந்தே போனது. இங்கே கடை திறந்துவிட்டது, அங்கே இன்னும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வந்து கேட்கவில்லை, எதுவும் போகவில்லை. ஊர் முழுக்க இருட்டு.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் ஆபீஸுக்குப் போட்டேன். எடுத்தது நீ இல்லை.

"ஹலோ, பேரையூர் ஆபீஸ்."

"ஃபர்ஹா" என்றேன்.

"ஐயோ, ஃபர்ஹாவா! உங்க குரல் இப்படியா இருக்கும்? முபீனாக்கா வாசல்ல சனத்தச் சமாளிச்சுக்கிட்டு இருக்காங்க, படமே போயிருச்சு, கூப்புடுறேன் இருங்க..."

"வேணாம்" என்றேன். "நீங்களே அடிங்க."

அடித்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கல்லா அட்ரஸை எண் எண்ணாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். ஒரு இடத்தில்கூடத் தப்பு விடவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

லைட் ஒருமுறை சிமிட்டியது. பிறகு ஒரே சீராக, மெதுவாக. மூன்று நிமிடம் ஆனது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எரியவில்லை. இன்னொரு மூன்று நிமிடம். எரியவில்லை. பாய் பூட்டுப் பேச்சை விட்டுவிட்டு மறுபடி கையைத் தட்டினார். உங்கள் ஊரே ஜல்லிக்கட்டைக் கேட்டது. எத்தனை வீடு கேட்டாலும் டவரில் போனது ஒரே ஒரு படம்தான், அங்கே வந்துதான் எல்லாருக்கும் பிரிந்தது. ஃபோனில் உன் வாசல் சத்தம் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். நீ "உக்காருங்கண்ணே, மறைக்குதுல்ல!" என்று கத்தினாய். உன் குரலை அவ்வளவு நாள் கழித்து அவள் ஃபோன் வழியாகத்தான் கேட்டேன்.

வைப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்: "அக்காகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லுவேனா? அதனால் இங்கே கேட்கிறேன். நீ கேட்கச் சொன்னாய் அல்லவா, கேட்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை வா. மலைச்சாமி அண்ணன் வண்டியிலேயே வா. மதியம் சாப்பிடும் நேரத்துக்கு வா. வயர்ச் சுருளை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். தனியாக வா.

பிளாக்கை எடுக்கவில்லை. வந்தால் எடுக்கிறேன்.

ரிப்பேர் முடிந்த பாக்ஸ்களை அடுக்கி, இந்தக் கடிதத்தை மேலே வைத்து மூடப்போகிறேன். முன்பே ஒருமுறை மூடினேன். டேப்பை ஒட்டி, முனையை உள்பக்கமாகச் சின்னதாக மடித்தேன், அவள் மடிக்கிற மாதிரியே. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, புது டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, முனை தெரியாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அப்புறம்தான் கடிதத்தில் இதை எழுத மறந்தது ஞாபகம் வந்து, நானே நகத்தால் சுரண்டிப் பிரித்தேன். எழுதிவிட்டேன். இப்போது மறுபடி அதே மாதிரி ஒட்டுகிறேன்.

ஃபர்ஹா